சுவிட்ச் போடாத சட்டி

ஹலோ… ஆமா, அக்காதான். எங்க இருக்க… கிடங்குலயா? அந்த வண்டிச் சத்தத்த விட்டு ஒரு ஓரமா வா, ரெண்டு நிமிஷம் பேசணும்… இல்ல, அப்பாவுக்கு ஒண்ணும் இல்ல, தூங்குறார்… ஒண்ணும் இல்லன்னு சொல்றேன்ல. இப்போதைக்கு இல்ல.

நான் உன் வீட்டு அடுப்படியில, நாள் பூரா கரண்ட்ல மெதுவா வேகுமே, அந்த ஸ்லோ குக்கர் முன்னாடி நிக்கிறேன். மூடியத் திறந்துட்டேன். திறந்த பாவத்துக்கு ஒரு கையால மூக்கப் பிடிச்சுக்கிட்டு ஒரு கையால உன்கிட்ட பேசுறேன்…

என்னன்னா? நாத்தம்டா. ஈரத்துணிய வாளியிலயே மறந்து போட்டா வருமே, அந்த நாத்தம். மேல வெள்ளையா ஆடை கட்டி, நடுவுல சின்னச் சின்னதா நுரை. கரண்டிய விட்டு ஒரு கோழித் துண்டத் தூக்கினேன், எலும்போரம் இன்னும் ரத்தம். கேரட்டக் கடிச்சா பல்லு உடையும். பார்லி மட்டும் ஊதிப்போய் கொழகொழன்னு கரண்டியில ஒட்டுது… சீ.

இது காலையில ஆறு மணிக்கு வச்ச சட்டி. இப்ப மணி நாலேகால். பத்து மணி நேரம் வெந்த கோழி இப்படியா இருக்கும்?… ஆமா… ஆமா, தெரியும், மெதுவாத்தான் வேகும். ஆமை நடந்திருந்தாக்கூட இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்கும். இது கிளம்பவே இல்லடா. சட்டியத் தொட்டா சில்லுன்னு இருக்கு. சுவரப் பார்த்தேன், சுவிட்ச் ஆஃப்ல இருக்கு.

கேக்குதா? ஆஃப்ல இருக்கு. உன் பொண்டாட்டி போடவே இல்ல…

கரண்ட் போச்சா? எங்க போச்சு? ஃபிரிட்ஜு ஓடுது, ஃபேன் சுத்துது, இவ சட்டிக்கு மட்டும் கரண்ட் கோவிச்சுக்கிட்டுப் போயிடுச்சாக்கும்.

நீ பார்த்தியா, அவ போட்டத?… பார்க்கல. அஞ்சு மணிக்கே கிளம்பிட்ட. சரி. அப்புறம் எதுக்கு "போட்டிருப்பா, போட்டிருப்பா"ன்னு கிளிப்பிள்ளை மாதிரி… நானா? காலையில நான் வந்து இறங்கினப்ப அவ மூடிய மூடினதப் பார்த்தேன். சுவிட்சப் பார்க்கல. ஏழு மணிக்கு நான் அப்பா ரிப்போர்ட் வாங்க லேபுக்குப் போயிட்டேன். அங்க வரிசையில நின்னு நின்னு காலு மரத்துப்போய் இப்பத்தான் வந்தேன்.

அந்த ரிப்போர்ட்டுக்காகத்தான் போன் பண்றேன். டாக்டர் பார்த்துட்டார். கெட்டுப்போன சாப்பாட்டால வந்த கிருமியாம். "வீட்ல யாரும்மா சமைக்கிறது?"ன்னு கேட்டார். எனக்கு அங்கயே மானம் போச்சு. ஒரு மாசத்துல மூணு தடவை அப்பா வாந்தியும் பேதியுமாக் கிடந்திருக்கார். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா இந்த வயசுல கிட்னி தாங்காதுன்னு சொல்லிட்டார்.

யோசிச்சுப் பாரு. நீ கிடங்குலயே சாப்பிட்டுட்டு வர்ற. அவ பொறந்ததுலேருந்து கறி வாயில வச்சதில்ல. அப்ப அந்தச் சட்டியில இருக்குறது மொத்தமும் யார் வயித்துக்குப் போகுது? இதுல பெருமை வேற. "மாமாவுக்குப் பல்லு இல்ல அண்ணி, இதுல வச்சா கறி பஞ்சு மாதிரி வெந்துடும்"னு. பஞ்சு. இங்க வந்து பாரு அவ பஞ்ச.

…

ஆமா, காலையில கேட்டேன். இல்லன்னா சொல்றேன்? கேட்டேன். "மாமனார அனுப்பி வைக்க நாள் பார்த்துட்டியாம்மா"ன்னு கேட்டேன்… கேக்கத்தான் செய்வேன். பெத்த அப்பன்டா. பக்கத்து வீட்டுக்காரி காதுல விழுந்தா விழட்டும்… அவளா? பையை எடுத்துக்கிட்டா, செருப்ப மாட்டினா, போயிட்டா. தப்பு பண்ணாதவளுக்கு வாய் இருக்காதா? என்னை யாராவது அப்படிக் கேட்டிருந்தா இந்தக் கரண்டியாலயே…

என்னது?… வரமாட்டாளாமா? எங்க போறாளாம்… அவ அக்கா வீட்டுக்கா. போகட்டும். வேலை விட்டு நேரா பஸ் ஏறட்டும், நல்லதாப் போச்சு. நானும் அதத்தான் சொல்ல வந்தேன். அப்பாவ நான் என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். வண்டிக்குச் சொல்லிட்டேன், ஆறு மணிக்கு வருது. சட்டை வேட்டியெல்லாம் எடுத்து வச்சாச்சு… நீ ஒண்ணும் கெஞ்ச வேணாம். உன்னால காலையில ஒரு நிமிஷம் நின்னு அந்தச் சட்டியப் பார்க்க முடியல. பொண்டாட்டி சொன்னா வேதம்…

நான் நாத்தனார் புத்தியக் காட்டுறேனா? காட்டுறேன்டா. நாத்தனார் வேற எந்தப் புத்தியக் காட்டுவா?… சரி, சரி. கத்தாத. உனக்கும் பிரஷர் இருக்கு.

இந்தக் கருமத்த முதல்ல கொட்டித் தொலைக்கிறேன்… சிங்க்குல இல்ல, அடைச்சுக்கும். அய்ய, கையில பட்டுடுச்சு. இரு… சோப்பு எங்க வச்சிருக்கீங்க?…

இரு ஒரு நிமிஷம். அப்பா எந்திரிச்சு வர்றார்.

என்னப்பா, ஏன் வந்தீங்க? கூப்பிட்டிருந்தா நானே… தண்ணியா? இந்தாங்க. மெதுவா, சுவரப் பிடிச்சுக்கங்க… ஆமா, தம்பிதான் லைன்ல. நீங்க போய்ப் படுங்க… என்னப்பா? அங்க எங்க போறீங்க, மூலையில… அப்பா, அத ஏன் தொடுறீங்க?

…

டேய். சுவிட்சப் போடுறார்டா.

இருடா, இரு, பேசாத… அப்பா, இத ஏன் போடுறீங்க இப்ப?… என்ன நேரமாச்சு?… அவ வர்ற நேரமாச்சு. சரி. அவ வர்ற நேரமாச்சுன்னா நீங்க ஏன் போடணும்?… யாரு அணைச்சது?… நீங்களா?

எப்ப?… தினமுமா?

…

டேய் தம்பி, இருக்கியா… இருக்கியாடா. நான் சொல்றதக் கேளு. அப்பாதான்டா அணைக்கிறார். நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போனதும் மாத்திரை போட்டுட்டு ஒரு தூக்கம் தூங்குவாராம். அடுப்ப எரிய விட்டுட்டுத் தூங்கக் கூடாதுன்னு அணைச்சுடுறாராம்… ஆமா, அடுப்புங்கிறார் அத. முப்பத்தொரு வருஷம் தீயணைப்புல இருந்த மனுஷன்டா அவர். ஆள் தூங்குற வீட்ல ஒரு விளக்கு எரிஞ்சாலே எந்திரிச்சுப் போய் அணைச்சுட்டு வர்றவர். எத்தனை வீடு இப்படிப் போச்சு தெரியுமான்னு எனக்கே பாடம் நடத்துறார் இப்ப… இருடா, கேக்குறேன்.

சரிப்பா. அணைச்சீங்க. அப்புறம் சாயங்காலம் ஏன் போடுறீங்க?… ம்… ம்… அய்யோ அப்பா.

அவ மனசு கஷ்டப்படுமாம்டா. ஆசையா வாங்கி வச்சிருக்கா, வந்து பார்க்கும்போது சட்டியில அந்தச் சின்ன விளக்கு எரியலன்னா முகம் வாடிடுமாம். அதான் நாலரைக்கு எந்திரிச்சுப் போட்டு விடுறாராம். அவ வந்து மூடியத் தொட்டா சூடா இருக்குமாம், சந்தோஷப்படுவாளாம். ராத்திரி சாப்பிடுறதுக்குள்ள அது ஒருமாதிரி வெந்தும் போயிடுமாம்… நாத்தம் வரலையாப்பா உங்களுக்கு?… வந்துச்சாம். மருமகளுக்குக் கறி வைக்கத் தெரியாது பாவம், மூக்கப் பொத்திக்கிட்டு எனக்காக வைக்கிறா, எப்படிக் குறை சொல்றதுன்னு தின்னுட்டாராம். மூணு தடவை சாகக் கிடந்துட்டு, அப்பவும் தின்னுட்டாராம்.

நல்லா இருக்குடா. ரொம்ப நல்லா இருக்கு நம்ம குடும்பம்.

…

அப்பா, நீங்க உட்காருங்க. இந்த ஸ்டூல்ல உட்காருங்க. உங்களத் திட்டல… அவகிட்ட சொல்லாதன்னா எப்படிப்பா? அவள நான் என்னெல்லாம் கேட்டேன்னு தெரியுமா உங்களுக்கு? காதுல விழலையா? இந்த வாசல் நடையில வச்சு, செருப்பு மாட்டிட்டு இருந்தவள…

டேய், எனக்கு இந்தச் சட்டியவிட என்மேலதான்டா இப்ப அருவருப்பா இருக்கு. நாக்குல நரம்பே இல்லாமப் பேசிட்டேன். கறி தொடாத பொண்ணு, விடியாத நேரத்துல எந்திரிச்சு எலும்பக் கழுவி, கொழுப்ப அரிஞ்சு, மாமாவுக்குப் பல்லு இல்லையேன்னு… நான் ஒரு நாளாவது அப்பாவுக்கு அப்படிச் செஞ்சிருப்பேனா? என் வீட்டுக்கு வந்தா ரொட்டியப் பால்ல தொட்டுக் குடுப்பேன். அவ்வளவுதான் என் லட்சணம்.

நான் போன் பண்ணா அவ எடுக்க மாட்டா. நீ பண்ணு. அக்கா உன் கால்ல விழவும் தயார்னு சொல்லு. நடையில எல்லாருக்கும் கேக்குற மாதிரி பேசினேன், அதே நடையில எல்லாருக்கும் கேக்க மன்னிப்பு கேக்குறேன்னு… என்னடா?

ஹலோ… இருக்கியா?… என்ன?

நேத்தா?… நேத்து ராத்திரி நீ என்ன கேட்ட அவள?

…

நீயுமாடா?

…

நான் வர்றதுக்கு முன்னாடியேவா… என்ன வார்த்தையில கேட்ட, சொல்லு… "உண்மையச் சொல்லு, வேணும்னே பண்றியா"ன்னு… நான் கேட்டதேதான், வேற வார்த்தையில.

அப்படியிருந்தும் காலையில எந்திரிச்சு அவருக்குக் கோழி வச்சுட்டுத்தான் போயிருக்கா பாரு.

அப்ப கேளுடா. அவ போறது என் பேச்சுக்காக இல்ல. என் பேச்ச அவ என்னைக்கு மதிச்சா? நாத்தனார் குலைச்சா குலைச்சுட்டுப் போகட்டும்னு துடைச்சுப் போட்டிருப்பா. நீ கேட்டதுதான்டா. நீ கேட்டதுக்கு அப்புறம் இந்த வீட்ல அவளுக்கு என்ன இருக்கு?

எத்தனை மணிக்கு அவ பஸ்?… அஞ்சரை. கிளம்பு. இப்பவே கிளம்பு… மேனேஜராவது மண்ணாங்கட்டியாவது. அக்காவுக்கு நெஞ்சு வலின்னு சொல்லிட்டு வா, பொய்யும் இல்ல அது… போன்ல சொல்லாத. நேர்ல போய் நில்லு. எடுத்ததுமே அப்பாதான் அணைச்சார்னு ஆரம்பிக்காத. அது அவளுக்கு நீ தப்பிச்சுக்கிற மாதிரி கேக்கும். முதல்ல நீ அப்படிக் கேட்டது தப்புன்னு சொல்லு. அப்புறம் அப்பா கதை, அப்புறம் நான்…

வரமாட்டேன்னு சொன்னாளா?… சொல்லட்டும். நின்னு கேளு. முழுசாக் கேட்டுட்டு, அப்பவும் அங்கயே நில்லு… அழாதடா. அழுதுக்கிட்டே வண்டி ஓட்டாத. டேய்… ஹலோ… ஹலோ…

வச்சுட்டான்ப்பா… இல்ல, எங்கயும் கூட்டிட்டுப் போகல உங்கள. உட்காருங்க… தெரியலப்பா. வருவாளான்னு எனக்கு எப்படித் தெரியும்?