முருகேஷ் பாஸாகக் கூடாது

இன்டர்நெட்டில் பாடம் நடத்துவது புதிதாக இருந்த சமயம். பெங்களூரில் மல்லேஸ்வரத்திலிருந்து ஆடுகோடி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். அடுத்தவர் பேச்சைக் கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. ஆனால் ஜன்னலோரம் இருந்தவள் இப்படி ஆரம்பித்தால் என்ன செய்ய?

“முருகேஷ் ஃபெயிலாகணும்னு நானே உக்காந்து தப்புத்தப்பா பரீட்சை எழுதினேன்டி.”

“யாரு முருகேஷ்?” என்றாள் பக்கத்திலிருந்த தோழி.

“அப்படி ஒருத்தன் கிடையாது. என் ஆன்லைன் கிளாஸ்ல பசங்க பாடத்தைப் படிச்சிட்டு கம்முனு போயிடறாங்க. புரிஞ்சுதான்னு கேட்டா பதிலே இல்ல. அதான் முருகேஷ்னு ஒரு ஸ்டூடன்ட் பேர்ல நானே அசட்டுச் சந்தேகமா எழுதிப் போட்டேன்.”

“அப்புறம்?”

“அவனுக்குச் சொல்லித்தரேன்னு எல்லாரும் விழுந்து விழுந்து எழுதறாங்க. சொல்லிச் சொல்லியே அவங்களுக்குப் பாடம் வந்துடுச்சு. எல்லாரும் பாஸ்.”

“ஹௌதா, அப்படியா? நல்லதுதானே!”

“என்ன நல்லது? இவன் மட்டும் ஃபெயில்னு அவங்களுக்குத் தாங்கல. ஞாயித்துக்கிழமை நேர்ல வந்து சொல்லித்தரோம், அவன் வீடு எங்கன்னு கேட்டாங்க. ஓகலிபுரம்னு சொல்லி, தெரு, வீட்டு நம்பரையும் சொல்லிட்டேன்.”

“அது உன் வீடுடி!”

“அவசரத்துக்கு வேற அட்ரஸ் வாயில வரல.”

“பேசாம அவனையும் பாஸ் போட்டு அனுப்பிடேன். தொல்லை விட்டுது.”

டீச்சர் அவளை முறைத்தாள்.

“அனுப்பிட்டா, அடுத்த பேட்ச்ல யாருடி சந்தேகம் கேப்பா?”