மொட்டைக் கடிதமும் ஜப்பானியப் பழிவாங்கலும்

கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் தலைவர் தியாகலிங்கம் அண்ணை அவர்களே! சப்பாத்துப் பனி கரையுமுன் முன்வரிசை பிடித்த பெரியோர்களே! புரோசார்டிலிருந்து ஆற்றுப் பாலத்து நெரிசலை வென்று, இறைச்சி ரோல்ஸ் தட்டோடு வந்து சேர்ந்த தாய்மார்களே! சென்ட் லோரன்ட் தமிழ்த் திரை வட்டத்தின் உறவுகளே! நீக்கிலாப்பிள்ளையின் நெஞ்சு நிறைந்த வணக்கம்!

ஜப்பானியப் படங்களில் பழியும் பாவமும் என்று தலைப்புத் தந்திருக்கிறீர்கள். நம் படத்தில் பழிவாங்குவது எப்படி? அரிவாள் மின்னும், அடைமழை கொட்டும், ஐந்து நிமிடம் வசனம் ஓடும். ஜப்பானியப் படத்தில்? பழிவாங்க வந்தவர் குனிந்து வணங்குவார். மேசை துடைப்பார். மெல்லத் தேநீர் ஊற்றுவார்.

என்ன, பாலாம்பிகை அக்கா? "தேத்தண்ணிக்கு என்ன பயம்" என்கிறீர்களா? பயமே அதில்தான் அக்கா! கோபமே இல்லாமல் ஊற்றுகிறாரே!

சபையோரே, இன்னும் அரை மணியில் தலைவரை நீக்குவதா என்று வாக்கெடுக்கப் போகிறோம். ஏன்? 'தலைவர் படம் ஓடும்போது நித்திரை கொள்கிறார்' என்று ஒரு மொட்டைக் கடிதம் வந்ததாம். அதை எழுதிய பாவி யார்? பாதகன் யார்?

"ஆரெண்டு சொல்லுங்கோவன்!" என்று மறுபடியும் அக்கா.

நான்தான்!

போன வருடம் இதே மேடையில் நான் முழங்கிக்கொண்டிருந்தேன். எட்டாவது நிமிடத்தில் தலைவர் ஒரு காகிதத் துண்டை நீட்டினார். 'முடிக்கவும்.' துடித்தேன், துவண்டேன், துணிந்தேன். பழிவாங்கப் பழகத்தான் அந்தப் படங்களையே பார்த்தேன். நான் வேலை செய்யும் புவாண்ட்-கிளேர் கிடங்கில் பெட்டி அடுக்கியபடியே அந்தக் கடிதத்தை மனதுக்குள் எழுதினேன்.

நேற்று வீட்டில் அதைப் பெருமையாகச் சொன்னேன். என் மனைவி செல்வமலர் அகப்பையோடு திரும்பினாள்.

"ஐயோ, என்னப்பா செய்தனீங்கள்? அந்தத் துண்டை எழுதினது நான்! சனம் ஒவ்வொருத்தராய் எழும்பிப் போகத் தொடங்கீட்டுது. வெறுங்கதிரையளுக்கு நீங்கள் கத்துறதைப் பாக்கேலாமல் எழுதினனான். நான் எண்டு சொல்லிப்போடாதேங்கோ எண்டு அண்ணையைக் கும்பிட்டுக் கேட்டனான்."

ஒரு வருடம்! கலியாண வீடுகளில் நான் முகத்தைத் திருப்பினேன். அண்ணையோ "சுகமோ தம்பி?" என்று கேட்டுக்கொண்டே செல்வமலரைக் காட்டிக்கொடுக்காமல் காத்தார்.

இப்போது சொல்லுங்கள், இந்தக் கதையில் வில்லன் யார்? துண்டு எழுதியவளா? நீட்டியவரா? நான் பொய்யாவது எழுதினேனா? அண்ணை நித்திரை கொள்வது உண்மை. சிரியாதீர்கள், குறட்டையும் உண்டு! உண்மையை எழுதியே ஒரு நல்ல மனிதரைக் குத்தினேன். இரண்டு மணி நேரம் நாம் கைதட்டியவன் நல்லவன்தானா என்றுதான் அந்தப் படங்கள் கேட்கின்றன. நான் எனக்கே ஒரு வருடம் கைதட்டியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

அண்ணை, என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். குழுவினரே, அந்தக் கடிதத்தை இங்கே தாருங்கள், என் பெயரை எழுதுகிறேன். பிறகு வாக்கெடுங்கள், நீக்கிலாப்பிள்ளை இந்த வட்டத்தில் இருக்கலாமா என்று! தீர்ப்பு எதுவானாலும் தலைவணங்குவேன். கேட்டிருந்த எல்லோருக்கும் நன்றி, வணக்கம். தயவுசெய்து கைதட்டாதீர்கள், கையெழுத்தை வைத்து முடிக்கிறேன்.