முதலில் விரித்த சேலை

திருச்சி பஸ் ஸ்டாண்டில் மருங்காபுரி பஸ் நின்றிருந்தது. நான் பேப்பரை விரித்திருந்தேன், படிக்கவில்லை. பின் சீட்டில் ஒரு பெண், பக்கத்திலிருந்த கணவனிடம் மெல்லச் சொன்னாள்:

“கடைக்காரரு மொதல்ல விரிச்ச சேலையே எனக்குப் பிடிச்சுப் போச்சுங்க.”

“அப்பறம் எதுக்கு நாப்பது சேலையைப் பிரிக்கச் சொன்ன? பிரியாணி சாப்பிட்டுட்டுப் போய் உக்காந்தோம். எந்திரிக்கறப்ப மறுபடி பசிச்சிருச்சு.”

“கோவிச்சுக்காதீங்க.”

“கோவம் இல்ல. துபாய்லேருந்து பெட்டி நிறைய சேலை கொண்டாந்தேனே, அதுல ஒண்ணுகூடவா பிடிக்கல?”

“எல்லாம் நல்ல சேலைதான். ஆனா பக்கத்துல உக்காந்து, இது உனக்கு எடுப்பா இருக்கு, இது வேணாம்னு நீங்க சொல்லி எடுத்தது ஒண்ணுகூட இல்லையே. கல்யாணமான மாசமே போனவரு. இன்னிக்குத்தான் சொன்னீங்க, ஒவ்வொரு சேலைக்கும் சொன்னீங்க. வெள்ளிக்கிழமை நீங்க பிளேன் ஏறிட்டா எனக்கு யாரு சொல்லுவா?”

டிரைவர் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடித்தார்.

“எறங்கு,” என்றான் அவன். “அடுத்த பஸ்ஸுல போவோம்.”

“ஏங்க?”

“ரவிக்கைத் துணி எடுக்கலையே. கலர் சேரணும்ல? நாலு கடையாவது ஏறி எறங்கணும்.”