யூ.பி.எஸ்ஸுக்குப் பதில் கலியபெருமாள்

பட்டப்பகல் பன்னிரண்டு மணி... குருசுக்குப்பத்தில் கடலுக்குப் போகும் சந்து. விடியலில் வலை இழுத்தவர்கள் தூங்குகிற நேரம், நாய்கூடக் குறுக்கே போகாது. பேய்க்கு ராத்திரிதான் தோது என்று யார் சொன்னது? நெருங்கி உட்காருங்கள். என் கூட்டாளி இராமதாஸின் மச்சான் ராஜாங்கத்துக்கு இரண்டாயிரத்து ஆறில் நடந்தது இது.

ராஜாங்கம் கல்யாண ஆல்பம் செய்பவர். கடையில் ஒரே ஒரு கம்ப்யூட்டர், அதுவும் மனைவியின் வளையலை அடகு வைத்து வாங்கியது. புதிதாக மாட்டிய ஹார்டு டிஸ்க் அதன் கண்ணில் படவில்லை. பயாஸை அப்டேட் செய்தாக வேண்டும். கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்புவதே அந்த பயாஸ்தான். மாற்றுகையில் பாதியில் கரண்ட் போனால் மதர்போர்டு பிணம். அப்புறம் கடை ஏது?

முன்னேற்பாட்டில் மனிதர் கெட்டி. டார்ச் அடித்து போர்டின் மாடலைப் பார்த்தார். அதற்கென்றே உள்ள ஃபைலை ஒரு ஃபிளாப்பியில் இறக்கினார். பழைய பயாஸையும் இன்னொரு ஃபிளாப்பியில் எடுத்து வைத்தார்.

யூ.பி.எஸ். மட்டும் வாங்கவில்லை. விலை படியவில்லையாம்.

அதைவிட மலிவான சரக்கு எதிர்க் கம்பத்தடியில் நின்றது. லைன்மேன் கலியபெருமாள். சந்துக்குக் கரண்டை நிறுத்தித் தேய்ந்த கம்பியை மாற்ற வேண்டியவன். நிறுத்தாமலே ஏறிப் பார்த்துக்கொள், சாயங்காலம் ஒரு குவார்ட்டர் என்று பேசி முடித்தார் ராஜாங்கம்.

ஃபிளாப்பி கரகரவென்று சுற்றியது. அப்டேட் எவ்வளவு முடிந்தது என்று காட்டும் கோடு திரையில் மெல்ல நகர்ந்தது...

வெளியே 'பட்' என்று ஒரு சத்தம். முடி கருகும் நாற்றம். எதிர்க்கடை ஜெயத்தின் தையல் மோட்டார் நின்றது. மின்விசிறிகள் நின்றன. கடல் இரைச்சல் கேட்டது.

ராஜாங்கத்தின் ஃபிளாப்பி மட்டும்... கரகர.

எட்டிப் பார்த்தார். கம்பத்தடியில் கலியபெருமாள் கிடந்தான். மேலே கம்பி அறுந்து, நடுவில் ஒரு முழம் வெறும் வானம். அறுந்த முனைகள் தொங்கவில்லை. விறைப்பாக நின்றன.

ஜெயம் தைத்துக்கொண்டிருந்த துணியாலேயே அவன் முகத்தை மூடிவிட்டு நிமிர்ந்தாள். "தெருவுக்கே கரண்ட் இல்ல. உனுக்கு மட்டும் எப்டிண்ணே எரியுது?"

பதில் சொல்வதற்குள் செல்போன் அடித்தது. கலியபெருமாள் நம்பர்.

"அண்ணே... ரெண்டு முனையையும் புடிச்சிக்கினு நிக்கிறேன். கை எரியுது. முடிஞ்சிடுச்சா?"

ராஜாங்கம் மூடிய முகத்தைப் பார்த்தார். திரும்பித் திரையைப் பார்த்தார். கோடு பாதியைக்கூடத் தாண்டவில்லை.

"உட்டுடாதப்பா. இன்னும் கொஞ்ச நேரந்தான்."

மேலே கம்பி இன்னும் கொஞ்சம் இறுகியது.