பொண்ணு பாக்கப் போற வண்டி

மெக்கானிக் எங்கயும் போகல. உங்க காருக்கு அடியிலதான் படுத்துக் கெடக்கு. நாந்தான். பொம்பளப் பிள்ளையான்னு முழிக்காதிய, வண்டிக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. அந்த டார்ச்சைக் கொஞ்சம் இங்கன அடிங்க. இங்கன. அது என் கண்ணு.

இந்தப் புகைக் குழாயை மாட்டின புண்ணியவான் யாரு? நீங்களேயா. வீடியோ பாத்தா. நல்லது. வீடியோ பாத்து யாருக்கும் வயித்து ஆபரேஷன் பண்ணாம விட்டியளே, அந்த மட்டுக்கும் சந்தோசம்.

கம்பெனிக் குழாயைக் கழட்டிட்டு சத்தம் கூட வரணும்னு ஆன்லைன்ல வாங்கின ஹெட்டர் குழாயை மாட்டிருக்கிய, அது உங்க இஷ்டம். இந்தா ஒரு ஓட்டை இருக்குல்லா, இதுலதான் ஆக்சிஜன் சென்சாரைத் திருகணும். அது வண்டிக்கு மூக்கு. வெளிய போற புகையை மோந்து பாத்து, பெட்ரோல் கூடிட்டா கொறைஞ்சிட்டான்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லும். நீங்க என்ன செஞ்சிருக்கிய, மரையில தண்ணிக் குழாய்க்குச் சுத்துத வெள்ளை டேப்பைச் சுத்திருக்கிய. உள்ள ஓடுறது தாமிரவருணின்னு நெனச்சிட்டியளா? நெருப்பு. டேப்பு உருகிப் போச்சு.

அப்புறம் இந்த வயரு. புதுக் குழாயில ஓட்டை தள்ளி இருக்கு, வயரு எட்டல. எட்டலன்னா நீட்டணும். நீங்க இழுத்துக் கட்டிட்டிய, அதுவும் கொதிக்குத குழாய் மேலயே. வயரு கருகி, மூக்கு சொல்லுதது கம்ப்யூட்டர் மூளைக்குப் போகல. அது கண்ணக் கட்டிக்கிட்டு பெட்ரோலை ஊத்துது. பெறவு ஸ்டியரிங் முன்னால இஞ்சின் லைட்டு எரியாம என்ன செய்யும்? கார்த்திகைன்னு நெனச்சியளாக்கும்.

என்ன அவசரம் இப்ப? ஓ, பொண்ணு பாக்கவா. எந்த ஊரு? ஆழ்வார்குறிச்சியா.

ஒண்ணுமில்ல, ஸ்பேனர் கை தவறிட்டு. சொல்லுங்க. வள்ளியூர்லருந்து வீட்டாளுவ எல்லாம் வேன்ல பாபநாசம் கோயிலுக்குப் போயிட்டு, சாயங்காலம் அஞ்சு மணிக்கு வாராவ. மாப்பிள்ள மட்டும் தனியா இந்தச் சத்தத்தோட வந்து எறங்கணும், தெருவே திரும்பிப் பாக்கணும். பாக்கும். தண்ணி லாரி வந்துட்டுன்னு கொடத்தோட வரும்.

பொண்ணு என்ன பண்ணுதாம்? அடக்கமான பிள்ளையா, அதிர்ந்து பேசாதா. தரகரு சொன்னா சரியாத்தான் இருக்கும். என்னமோ சின்னதா கடை வச்சிருக்காமா. தையக்கடை மாதிரியா. கல்யாணத்துக்கு அப்புறம் அதெல்லாம் வேண்டாம்னு உங்க அம்மா சொல்லிட்டாவளா. மூடிருவா, மூடிருவா. கடைன்னா என்ன, குழாயா, திருகி அடைக்க?

அம்மா சொன்னது இருக்கட்டும். நீங்க என்ன சொன்னிய? ஒண்ணும் சொல்லலையா. காருக்கு இவ்வளவு சத்தம் வச்சிருக்கிய, உங்களுக்கு இல்லாமப் போச்சே.

சரி, முடிஞ்சிட்டு. வயரை நீட்டி, சூடு தாங்குத உறை போட்டு, குழாயைத் தொடாம கட்டிருக்கேன். மரையில மட்டும் பசை தடவிருக்கு, மூக்கு நுனியில ஒண்ணும் படக்கூடாது. இனி வீடியோ பாத்தாலும் கையை மடியில வச்சிக்கிட்டு பாருங்க. ஸ்டார்ட் பண்ணுங்க. லைட்டு போச்சா. ம்.

காசு இருக்கட்டும். நீங்களும் கோயிலுக்குப் போயிட்டு அஞ்சு மணிக்கு பைய வாங்க. நானும் போயி இந்தக் கிரீஸைத் தேச்சுக் கழுவணும், சேலை மாத்தணும், காப்பித் தட்டோட வந்து அடக்கமா நிக்கணும். போன்ல போட்டோவ எடுத்துப் பாக்கண்டாம். ஸ்டுடியோக்காரன் வெளுத்த வெளுப்புல எங்க அம்மைக்கே என்னை அடையாளம் தெரியல.

கடை விஷயத்தை மட்டும் வழியில யோசிச்சிட்டு வாங்க. உங்க அம்மா இல்ல, நீங்க. இங்கன வண்டி கொண்டுவார அத்தன பேரையும் நான் அண்ணாச்சின்னுதான் கூப்பிடுவேன். உங்கள இன்னும் கூப்பிடல.