பச்சையா வந்த "சேமிச்சாச்சு"

— சாப்பிடு நுவகாபா. இம்பராராவுல வாங்கின முட்டை சப்பாத்தி, இன்னும் கையிலயே வெச்சிருக்கே.

— இறங்கல, க்யாரிசீமா அக்கா. ஆஸ்பத்திரி நர்ஸ் சிஸ்டர் பீட்ரஸ் மூஞ்சியை எப்படிப் பாப்பேன்? நூத்திப் பதினாலு குழந்தைங்க. யாருக்கு எந்தத் தடுப்பூசி போட்டாங்கன்னு கம்ப்யூட்டர்ல ஒரு எழுத்துகூட இல்ல.

— வீட்டுல அட்டை இருக்கும்ல?

— பாதிப் பேர்கிட்ட இல்லியாம். சிஸ்டர் மலை மலையா ஏறி ஒவ்வொரு தாய்கிட்டயும் கேட்டுட்டு இருக்காங்க. எல்லாம் நாம இலவசமாக் குடுத்த மென்பொருளை நம்பித்தான். மூணு வாரம் முன்னாலதான் அதோட புதுப் பதிப்பை ஏத்தினாங்க, பாவம்.

— தெரியும்டா. எனக்கும் போன் பண்ணாங்க.

— சுருக்கிச் சேமிக்கிற வசதியைச் சேர்த்தது நான்தானே? அதுக்கு லைப்ரரின்னு தனியா ஒரு துணை மென்பொருள் வேணும். வேணும்கிறவங்க மட்டும் போட்டுக்கட்டும்னு விட்டோம். சரி. அது இல்லாத கம்ப்யூட்டர்ல என்ன செய்யணும்? "லைப்ரரி இல்ல"ன்னு கத்திட்டு நிக்கணும். நம்மது கமுக்கமா எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு, "சேமிச்சாச்சு"ன்னு பச்சையா காட்டியிருக்கு!

— மெதுவாப் பேசு, டிரைவர் திரும்பிப் பாக்கறான்.

— பாக்கட்டும். அவன் பிள்ளையும் அந்தப் பட்டியல்ல இருக்கும்.

— நீ அதை எழுதி எட்டு மாசம் ஆச்சு. அப்படித்தான் எழுதினேன்னு உனக்கு ஞாபகம் இருக்கா?

— இல்ல. ஆனா அந்த வரிக்குப் பக்கத்துல என் பேர்தானே நிக்குது? இன்டர்நெட்ல உலகமே பாக்குது. "எவன்டா இந்த அதிமேதாவி"ன்னு நேத்து ஒருத்தன் எழுதியிருந்தான்.

— அதை நான் தூக்கிட்டேன்.

— நீங்க ஒருத்தராவது திட்டுங்கக்கா, பாரம் குறையும். சிஸ்டர் முன்னால மண்டி போட்டு மன்னிப்புக் கேட்டுட்டு, இதோட விட்டுடறேன். இனி ஒரு வரிகூட எழுத மாட்டேன்.

— உளறாதே.

— ஆஸ்பத்திரி வந்துருச்சு. அதோ, வாசல்லயே நிக்கறாங்க. நான் முன்னால போறேன்.

— உக்காரு.

— என்னக்கா, நீங்க ஏன் அழறீங்க?

— ஒரு வாரமா உன்னை இப்படித் தவிக்க விட்டுட்டு வாயை மூடிட்டு இருந்தேன்டா, பாவி நான்.

— என்ன சொல்றீங்க?

— நீ எழுதினது கத்தத்தான் செஞ்சுது. சுகாதார அதிகாரிங்க முன்னால காட்டும்போது சிவப்பா எர்ரர் வந்து மானம் போயிடக் கூடாதுன்னு அது வாயை அடைச்சவ நான். ரெண்டு பேர் எழுதினதையும் ஒண்ணாச் சேர்த்து இன்டர்நெட்ல ஏத்தினப்போ, வெளிய உன் பேர் மட்டும்தான் நின்னுச்சு.