நார்த்தூள் கழுவிய கமலம் அம்மையார்

விவசாயிகள் சங்கத் தலைவர் கோதண்டபாணி ஐயா அவர்களே, நாற்றங்கால் மகளிர் குழுவின் அம்மாக்களே, பஸ் பிடித்து வந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம். நான் காவியா. பதினோராம் வகுப்பு. குழுவின் குறிப்பேட்டை எழுதுகிறவள் என்பதால் பேசச் சொன்னார்கள்.

எங்கள் தலைவி கமலம் அம்மையார் மறைந்து ஒன்பது நாள் ஆகிறது. பீங்கான் சூளையில் கூலி வேலை பார்த்தவர். மண்ணே இல்லாமல், தென்னை நார்த்தூளிலும் மக்கிய கரும்பாலைக் கழிவிலும் காய்கறி நாற்று வளர்த்துக் காட்டியவர் அவரல்லவா!

தவறே செய்யாதவரா? இல்லை. முதல் வருடம், ஆலைக்கழிவு மக்கிச் சூடு ஆறும் முன்பே தட்டுகளில் நிரப்பிவிட்டார். மூவாயிரம் மிளகாய் நாற்று வெந்துபோனது. கோதண்டபாணி ஐயா, உங்கள் வீட்டுக்கு அவரே வந்து அதைச் சொன்னார்.

"மண்ணு இல்லாம நாத்து வுடுறியாம்மா? அடுத்து தண்ணி இல்லாம சோறு ஆக்குவியா?" என்று கேட்டீர்கள் ஐயா.

"தண்ணி இல்லாம முடியாதுங்க. பொறுமை இல்லாம ஆக்கிட்டேன், அதான் கருகிடுச்சு" என்றார். அடுத்த வருடம் முதல் ஆளாக நாற்று வாங்கியதும் நீங்கள்தானே!

நார்த்தூளில் உப்பு இருக்கும். மூன்று முறை கழுவ வேண்டும். மூன்றாம் தண்ணீரை அவர் நாக்கில் வைத்துப் பார்ப்பார். கரித்தால் நான்காம் முறை. முதுகு வலிக்காதா? வலிக்கும். ஒரு விற்பனையாளர், நார்த்தூளுக்குப் பதிலாகப் பீட் என்ற வெளிநாட்டு மக்கு மூட்டை கொண்டுவந்தார். கழுவவே வேண்டாம் என்றார். அது சதுப்பு நிலத்தைத் தோண்டி எடுப்பது என்று அம்மையாருக்குப் படித்துச் சொன்னேன். அந்த மக்கு அங்கே சேர ஆயிரக்கணக்கான வருடம் ஆகும் என்றும் சொன்னேன்.

"ஆயிரம் வருசத்துச் சேத்த வெட்டி, நாப்பது நாள் கத்திரி நாத்துக்கா? வேணாங்க, டீ குடிச்சிட்டுக் கெளம்புங்க" என்றார்.

இப்போது நான்கு தொட்டி நார்த்தூள் கழுவாமல் கிடக்கிறது. விதைப்புக்கு ஆறு நாள்தான். "யாராலம்மா முடியும்? அந்த மூட்டையவே வாங்கிடலாம்" என்று நேற்று என் அம்மாவே சொன்னார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எல்லோருக்கும் அலுத்துவிட்டது. எனக்கும்தான்.

அவர் வேலையைத் தொடர்வோம் என்று உறுதிமொழி எழுதி வந்தேன். படிக்கப் போவதில்லை. நாளைக் காலை ஒரு தொட்டியை நான் கழுவுகிறேன். என்னால் அவ்வளவுதான் முடியும். மூன்று தொட்டி பாக்கி. அடுத்து மௌன அஞ்சலி. அதற்கு எழுந்து நிற்கும் முன், கழுவ வருகிறவர்கள் கை தூக்குங்கள். பெயர் எழுதிக்கொள்கிறேன்.